'கிரியை' என்னும் சொல்: பவுலும் யாக்கோபும் வானம் பார்த்த பூமியில்

காரியாபட்டி வட்டாரத்தில் 'கிரியை' என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கருமக்கிரியை, சாவு வீட்டுக் காரியம். சைவம் அறிந்தவருக்கோ அது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கில் இரண்டாவது படி. இரண்டு இடத்திலும் முறை தவறாமல் செய்யவேண்டிய சடங்கு என்பதே பொருள். 1871இல் முழுமையாக வெளிவந்த வேதாகமத்தின் ஐக்கிய மொழிபெயர்ப்பு, செயல் என்று பொருள்படும் கிரேக்க 'எர்கோன்' என்பதற்கு இச்சொல்லைத்தான் ஆள்கிறது. பவுலும் யாக்கோபும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தமிழ் வாசகருக்குத் தோன்றுவதில் இந்தச் சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் வாதம்.

முரண் மேலோட்டமானதன்று. மனிதர் நீதிமானாவது நியாயப்பிரமாணக் கிரியைகள் இன்றி விசுவாசத்தால் என்கிறார் பவுல் (ரோமர் 3:28). விசுவாசத்தால் மாத்திரமல்ல, கிரியைகளாலும் என்கிறார் யாக்கோபு (2:24). இருவரும் காட்டும் சாட்சி ஒருவரே, ஆபிரகாம். எடுத்தாளும் வசனமும் ஒன்றே, ஆதியாகமம் 15:6. லூத்தர் 1522இல் ரோமர் வசனத்தில் 'மாத்திரம்' என்ற சொல்லை ஜெர்மனில் சேர்த்தார். யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். ஆனால் 'விசுவாசம் மாத்திரம்' என்ற தொடர் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ஒரே இடத்தில்தான் வருகிறது. அது யாக்கோபில், மறுக்கப்படுவதற்காக.

பவுலின் வழக்கு எதைப் பற்றியது? விருத்தசேதனம், உணவு விலக்கு, நாள் பார்த்தல்: புறஜாதியார் இவற்றைச் சுமந்துதான் உள்ளே வரவேண்டுமா என்பது பற்றியது. இங்கே 'கிரியை' கச்சிதமாகப் பொருந்துகிறது. யாக்கோபு காட்டும் காட்சி வேறு. உடுக்கத் துணியின்றி, அன்றாடக் கஞ்சிக்கு வழியின்றி ஒருவர் வாசலில் நிற்கிறார். வீட்டுக்காரர் நல்ல வார்த்தை சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார். அவர் செய்யத் தவறியதைக் காரியாபட்டியில் யாரும் கிரியை என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் பவுல் சடங்கை மட்டுமே விலக்கினார் என்று முடித்துவிடவும் முடியாது. ரோமர் 4:4இல் அவர் கூலிக் கணக்கையே எடுக்கிறார்: வேலை செய்தவனுக்குக் கூலி கடன், கிருபை அல்ல. ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது இஸ்மவேல் பிறக்கும் முன்பு. அப்பிள்ளை பிறந்தபோது அவருக்கு வயது 86. விருத்தசேதனம் 99இல். இடையில் 13 ஆண்டுகளாவது உண்டு என்பதே பவுலின் பிடிமானம். யாக்கோபோ ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய ஆதியாகமம் 22ஆம் அதிகாரம்வரை வந்து, பழைய வாக்கு அங்கே நிறைவேறியது என்கிறார். ஒருவர் தொடக்கத்தைக் கேட்கிறார். மற்றவர் அந்த விசுவாசம் உயிரோடிருக்கிறதா என்று கேட்கிறார்.

இந்தச் சீமையில் புழுதி விதைப்பு உண்டு. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். பெய்த மழையை விதைத்ததற்குக் கூலி என்று எந்தச் சம்சாரியும் சொல்வதில்லை. விதையைக் குலுக்கையிலேயே பூட்டி வைத்தவர் மழையை நம்பினேன் என்றால் ஊர் ஏற்பதுமில்லை. கூலிக் கணக்கை மறுத்த பவுலும் செத்த விசுவாசத்தை மறுத்த யாக்கோபும் இந்தக் காட்டில் அடுத்தடுத்து நிற்க முடியும்.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'செயல்', 'நம்பிக்கை', 'ஏற்புடையவர்' என்று மாற்றியது. சடங்கு வாடை போனது நல்லதே. ஆனால் 'திருச்சட்டம் சார்ந்த' என்ற அடையைக் கவனிக்காமல் படிப்பவருக்குப் பவுல் நற்செயலையே தள்ளுவதாகப் படும். யாக்கோபின் பொருளுக்கு நெருங்கிய சொல் குறளில் தனி அதிகாரமாகவே இருக்கிறது: ஒப்புரவு. ஐக்கிய மொழிபெயர்ப்பு அதை 2 கொரிந்தியர் 5இல், கடவுளோடு மனிதர் மீண்டும் இணைவதற்கு எடுத்துக்கொண்டுவிட்டது.