அருவ ஓவியமும் ஆன்மிக நம்பிக்கையும்

மலை, மரம், மனிதர் என எவ்வுருவையும் காட்டாது, கோடும் வண்ணமும் மட்டுமே கொண்டு தீட்டப்படும் ஓவியத்தை அருவ ஓவியம் என்பர். அதனைப் பொருளற்ற கிறுக்கல் என்று நகைப்பாரும் உளர். ஆயின், அதனைத் தொடங்கிவைத்தோருட் பலர் ஆழ்ந்த பொருளைத் தேடியே உருவத்தைத் துறந்தனர் என்பது வரலாறு காட்டும் உண்மையாகும்.

1875-ஆம் ஆண்டில் பிளாவட்ஸ்கி அம்மையார், கர்னல் ஆல்காட் முதலியோர் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினர். 1882-இல் சென்னை அடையாற்றில் அதன் தலைமையகத்துக்கு இடம் வாங்கப்பட்டது. காணும் உலகிற்கு அப்பால் நுண்ணுலகங்கள் உண்டென்பது அச்சபையினர் கொள்கை. 1907-இல் சபைத் தலைவரான அன்னி பெசண்ட் அம்மையார், லெட்பீட்டருடன் சேர்ந்து எண்ண வடிவங்களைப் பற்றி நூலொன்று எழுதினார். பக்திக்கு நீலம், அன்புக்கு ரோஜா நிறம் என உணர்ச்சிகளை வண்ண வடிவங்களாகத் தீட்டிய படங்கள் அதில் உள்ளன.

ருசிய ஓவியர் காண்டின்ஸ்கி, கலையில் ஆன்மிகம் பற்றி 1911-இன் இறுதியில் மூனிக் நகரில் வெளியிட்ட நூலில் பிளாவட்ஸ்கியைக் குறிப்பிடுகின்றார். வண்ணம் நேரே ஆன்மாவைத் தொடும் என்பது அவர் துணிபு. டச்சு ஓவியர் மொண்ட்ரியான் 1909-இல் பிரம்மஞான சபையிற் சேர்ந்தார். அவர் வரைந்த நெடுங்கோடும் கிடைக்கோடும் உலகின் இருமைகளைக் குறிப்பன.

எனினும், நம்பிக்கை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. சபையிற் சேர்ந்தோர் பலர். புதுவழி கண்ட ஓவியரோ மிகச் சிலர். பாரிசிற் கண்ட கியூபிசமும் மொண்ட்ரியானுக்கு வழிகாட்டிற்று. அணுவும் பிளவுபடும் என்ற அறிவியற் செய்தி தம் உள்ளத்தை உலுக்கியதைக் காண்டின்ஸ்கியே எழுதியுள்ளார். நம்பிக்கை நோக்கத்தைத் தந்தது. கலைப்பயிற்சியும் காலமும் வழியைத் தந்தன எனலாம்.

அருவ ஓவியத்தின் முன்னோடி காண்டின்ஸ்கியே என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். ஆயின், சுவீடன் நாட்டு ஹில்மா ஆப் கிளின்ட் அம்மையார் 1906-லேயே இத்தகைய ஓவியங்களைத் தொடங்கிவிட்டார். மேலுலக ஆவிகளின் ஆணை என நம்பி, 1915-க்குள் கோயிலொன்றிற்கென 193 ஓவியங்களைத் தீட்டினார். தாம் இறந்து இருபது ஆண்டுகள் கழியும்வரை அவற்றைக் காட்டலாகாது என்பது அவர் விருப்பம். 1944-இல் அவர் மறைந்தார். 1986-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சிக்குப் பின்னரே உலகம் அவரை அறியலாயிற்று.

அவருடையவை கலையல்ல, சமயக் குறிப்புகளே என வாதிடுவாரும் உளர். அங்ஙனமாயின், காண்டின்ஸ்கியையும் மொண்ட்ரியானையும் பற்றி அவ்வினாவை எழுப்பாதது ஏன்? ஆடவரிடம் ஆன்மிகத்தைக் கலையின் ஊற்று என்று போற்றிவிட்டு, பெண்ணிடம் அதையே குறையெனக் கூறுதல் நடுநிலை ஆகாது. அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றாக இருத்தலே வரலாற்று நெறி.