எச்சமும் முற்றும்: கொடுங்கோன்மை எதிர்ப்பு வரலாறும் இற்றைநாள் அரசியல் மறுப்பும்

1. முன்னுரை

மும்பையின் கிழக்குப் புறநகராகிய விக்ரோலியில் அமைந்த கோத்ரெஜ் தொழிற்சாலை, இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலுக்கென 12 இலட்சத்திற்கும் மேற்பட்ட எஃகு வாக்குப்பெட்டிகளைச் செய்து அளித்தது. வாக்காளருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் அவர்தம் சின்னத்தை ஒட்டுதல் 1951-52ஆம் ஆண்டுத் தேர்தலின் முறையாக இருந்தது. பெட்டிகள் இத்துணைப் பெருந்தொகையில் வேண்டப்பட்டமைக்கு இதுவே காரணம்.

ஆள்வோரைக் குடிகள் தம் கையாலேயே மாற்றுதற்குரிய கருவி இப்பெட்டி. இது குடிகள் கைக்கு வருமுன்னரே ஒரு வினா எழுந்தது: அயலாட்சியை எதிர்த்த காலத்து வழிமுறைகள், தாமே தேர்ந்த ஆட்சியை மறுக்கும் காலத்திற்கும் பொருந்துமா? கொடுங்கோன்மையை எதிர்த்தோர் வரலாறு இற்றைநாள் அரசியல் மறுப்புக்குப் படிப்பினை தருமா என்னும் பொது வினாவின் இந்திய வடிவம் இது. அரசியல் நூலார் இதனைப் பலவாறு ஆராய்ந்துள்ளனர். மொழியியல் நோக்கிலும் மொழிபெயர்ப்பு நோக்கிலும் இதற்கு ஒரு முகம் உண்டு. பண்டைய எதிர்ப்புகள் பிற்காலத்தாரை அடைவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வழியாகவும் மேற்கோள் வழியாகவுமே ஆகும். அவ்வாறு அடையும்போது அவற்றின் தொடரமைப்பில் நேரும் மாற்றத்தைப் பம்பாய் நகரோடு தொடர்புடைய சில நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கலைச்சொற்களின் எல்லை

திருக்குறளின் பொருட்பாலில் செங்கோன்மை 55ஆம் அதிகாரமாகவும் கொடுங்கோன்மை 56ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. கொடுமை என்பதன் அடிப்பொருள் வளைவு. நேராக நிற்க வேண்டிய கோல் வளைதலே கொடுங்கோன்மை. இதற்கு நிகராகக் கொள்ளப்படும் கிரேக்கச் சொல், தொடக்கத்தில் மரபுவழியன்றி ஆட்சியைக் கைப்பற்றியவனைக் குறித்தது. அவன் தீயவனாக இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் அச்சொல்லில் முதலில் இல்லை. ஆகவே, கிரேக்கச் சொல் ஆட்சி வந்த வழியை நோக்குகிறது. தமிழ்ச்சொல் ஆட்சி நடக்கும் முறையை நோக்குகிறது. முறையாக வந்த கோலும் பின்னர் வளையக்கூடும் என்பது தமிழ்ச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. வாக்கால் அமைந்த ஆட்சியைப் பற்றிப் பேசுங்கால் இவ்வேறுபாடு பயன்படும்.

எதிர்ப்பு, மறுப்பு என்னும் சொற்களும் ஒருபொருட்கிளவிகள் அல்ல. எதிர்ப்பில் இரு தரப்பு எதிரெதிர் நிற்கின்றன. மறுப்பு ஓர் அவைக்குள்ளேயே நிகழக்கூடியது. நன்னூலார் நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களுள் உடன்படலை அடுத்து மறுத்தலை வைக்கிறார். மறுப்பவரும் அந்நூல்மரபின் உள்ளிருப்பவரே என்பது இதனால் பெறப்படும். சிலப்பதிகாரத்துக் கண்ணகியின் வழக்கும் இத்தகையது. சிலம்பின் பரல் மாணிக்கம் எனக் காட்டியவுடன் பாண்டியன் தன் கோல் தாழ்ந்ததென ஏற்றான். சான்று வென்றது உண்மை. ஆயின் செங்கோலைத் தன் அளவுகோலாகக் கொண்ட அரசன் எதிரே இருந்தமையால்தான் வென்றது. இந்நிபந்தனையை நீக்கி, சான்று காட்டினால் அரசு பணியும் என்று மட்டும் கொள்வது அக்காப்பியத்திற்குப் பொருந்தாத படிப்பினையாகும்.

3. சாக்ரடீசு பம்பாய்க்கு வந்த வழி

தென்னாப்பிரிக்காவில் இந்தியர் நடத்திய போராட்டம் முதலில் ஆங்கிலப் பெயராலேயே சுட்டப்பட்டது. அதற்கு ஓர் இந்தியச் சொல் வேண்டுமென்று காந்தி தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் பரிசு அறிவித்தார். மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்னும் சொல்லை அனுப்பினார். காந்தி அதனைச் 'சத்தியாக்கிரகம்' எனத் திருத்தி 1908ஆம் ஆண்டில் ஏற்றார். அதே ஆண்டில் பிளேட்டோ எழுதிய சாக்ரடீசின் வழக்குமன்ற உரையை 'ஒரு சத்தியவீரனின் கதை' என்னும் பொருள்படும் தலைப்பில் குசராத்தியில் சுருக்கித் தந்தார். புதிய கலைச்சொல்லும் பழைய எதிர்ப்பின் மொழிபெயர்ப்பும் ஒரே இதழில், ஒரே ஆண்டில் தோன்றியமை கருதத்தக்கது.

1910 மார்ச்சில் பம்பாய் அரசு இக்குறுநூலையும், 'இந்து சுயராச்சியம்', இரசுகினின் நூலைத் தழுவிய 'சர்வோதயம்', எகிப்தியத் தலைவர் முசுதபா கமீல் பாசாவின் உரை ஆகியவற்றின் குசராத்தி வடிவங்களையும் தடை செய்தது. கி.மு. 399இல் ஏதென்சில் நிகழ்ந்த வழக்கொன்று, மொழிபெயர்ப்பால், பம்பாய் அரசுக்கு எதிரான பேச்சாக மாறியது.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1919 மார்ச்சில், ரௌலட் சட்டம் நிறைவேறியது. கடையடைப்பு நடத்தும் எண்ணம் சென்னையில் தங்கியிருந்தபோது தோன்றியதெனக் காந்தி தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். ஏப்பிரல் 6ஆம் நாள் பம்பாயில் கடையடைப்பு நிகழ்ந்தது. அன்று மாலை காந்தியும் சரோசினி நாயுடுவும் தடைசெய்யப்பட்ட நூல்களைத் தெருக்களில் விற்றனர். சத்தியாக்கிரக சபை பரப்புவதற்கெனத் தேர்ந்த நூல்களுள் சாக்ரடீசின் கதையும் ஒன்று. விற்கப்பட்டவை மறுபதிப்புகளே, தடைசெய்யப்பட்ட படிகள் அவையல்ல, ஆதலின் குற்றமில்லை என்பது அரசின் நிலையாயிற்று. நூல் ஒன்றே, பதிப்பு வேறு என்னும் இவ்விளக்கம், மீறலை மீறலாக ஏற்காமலே மறுப்பின் கூர்மையை மழுக்கியது.

அதே மாதத்தில் பல இடங்களில் வன்முறை மூண்டது. ஏப்பிரல் 18இல் காந்தி சட்டமறுப்பை நிறுத்தி வைத்தார். தாம் செய்தது இமயம் போன்ற பிழை என்று பின்னர்க் கூறினார். சட்டங்களை மனமார மதித்து நடந்து பழகியவர்க்கே அவற்றுள் தீயவற்றை மறுக்கும் தகுதி உண்டு. அத்தகுதியை மக்கள் பெறுமுன்னரே அவர்களை அழைத்துவிட்டமையே பிழை என்பது அவர்தம் விளக்கம். 'மறுக்கலாம்' என்னும் முற்றுக்கு முன் 'மதித்துப் பழகியிருந்தால்' என்னும் எச்சம் இருந்தது. அழைப்பு பரவியபோது எச்சம் உதிர்ந்து முற்று மட்டுமே மக்களைச் சென்றடைந்தது.

சாக்ரடீசின் உரையிலும் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. ஏதென்சு மக்களாட்சி படைத்தலைவர்களைச் சட்டத்திற்கு மாறாகக் கூட்டாக விசாரிக்க முனைந்தபோது அவர் உடன்படவில்லை. பின்னர் முப்பதின்மர் கொடுங்கோலாட்சி, லியோன் என்பவரைப் பிடித்துவருமாறு பணித்தபோதும் அவர் உடன்படவில்லை. அவருக்கு இறப்புத் தண்டனை விதித்ததோ மீண்டும் அமைந்த மக்களாட்சி. ஆகவே, கொடுங்கோலாட்சியின் கீழ் மட்டுமே மறுப்புக்கு இடமுண்டு என்பதற்கு அவரைச் சான்று காட்டல் இயலாது.

4. அம்பேத்கரின் தொடர்

அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25ஆம் நாள் அம்பேத்கர் ஆற்றிய உரை இவ்வினாவை நேராக எடுத்துக்கொண்டது. குருதி சிந்தும் புரட்சியோடு, சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாக்கிரகம் ஆகியவற்றையும் இனிக் கைவிட வேண்டும் என்றார். 1927இல் மகாடு குளத்து நீரை எடுக்கும் போராட்டத்தையும், 1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தையும் சத்தியாக்கிரகம் என்னும் பெயரிலேயே நடத்தியவர் அவர். எனவே இக்கூற்று அவ்வழியை அறியாதார் கூற்று அன்று.

அவ்வழிகளை அவர் 'அராசகத்தின் இலக்கணம்' என்னும் பொருள்படச் சுட்டினார். மொழிபெயர்ப்பாளர் ஈண்டு விழிப்போடு இருத்தல் வேண்டும். தமிழில் இலக்கணம் என்பது சிறந்த எடுத்துக்காட்டு என்னும் பொருளும் தரும். 'இல்லறத்திற்கு இலக்கணமானவர்' என்னும் வழக்கு காண்க. அப்பொருளில் கொண்டால் சத்தியாக்கிரகமே அராசகத்தின் முழுவடிவம் என்றாகும். மூலத்தின் கருத்து அதுவன்று. இலக்கண விதிகளிலிருந்து தொடர்கள் பிறப்பதுபோல் இவ்வழிகளிலிருந்து அராசகம் பிறக்கக்கூடும் என்பதே கருத்து.

இத்தொடரினும் முதன்மையானது இதற்கு முன் நிற்கும் கூற்று. பொருளியல், சமூக நோக்கங்களை அடைய அரசியலமைப்பு வழிகள் எவையும் இல்லாதபோது பிற வழிகளுக்குப் பெரிதும் நியாயம் இருந்தது. அவ்வழிகள் திறந்திருக்குமிடத்துப் பிறவற்றிற்கு நியாயம் இல்லை என்பது அதன் சாரம். ஆங்கில மூலத்தில் முதற்கூற்று காலங்காட்டும் இணைப்புச்சொல்லாலும் அடுத்தது இடங்காட்டும் இணைப்புச்சொல்லாலும் தொடங்குகின்றன. இரண்டும் வடிவால் காலமும் இடமும், பொருளால் நிபந்தனை. தமிழிலும் 'போது', 'இடத்து' ஆகியவை இவ்வாறே நிபந்தனைப் பொருளில் ஆளப்படுகின்றன. செயின் என்னும் வாய்பாட்டு எச்சத்தின் பணியையே இவையும் செய்கின்றன. மேடைகளிலும் இதழ்களிலும் இவ்வுரை எடுத்தாளப்படும்போது பெரும்பாலும் 'அராசகத்தின் இலக்கணம்' என்னும் பகுதியே நிற்கிறது; 'திறந்திருக்குமிடத்து' என்னும் பகுதி விடுபடுகிறது. மறுப்போரை அடக்க விழைவார்க்கு இவ்விடுபாடு வாய்ப்பாகிறது. உரையைப் புறந்தள்ள விழைவார்க்கும் அதுவே வாய்ப்பாகிறது.

5. வழிகள் அடைபட்ட காலம்

1975 சூன் 25ஆம் நாள் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 'திறந்திருக்குமிடத்து' என்னும் எச்சம் அடுத்த 21 மாதங்களில் ஆய்வுக்கு உள்ளாயிற்று. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. சில நாள்களில் பம்பாய் ஆங்கில நாளிதழ் ஒன்றின் இறப்பு விளம்பரப் பகுதியில் மக்களாட்சியின் மறைவு அறிவிக்கப்பட்டது. ஆங்கிலச் சொல்லை ஒருவர் பெயர்போலப் பிரித்து அமைத்திருந்தமையால் தணிக்கையாளர் கண்ணுக்கு அது தப்பியது. 1976 சனவரி 31இல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி நீக்கப்பட்டுக் கட்சியினர் பலர் சிறைப்பட்டனர். கைதானோர் பெயர்களை வெளியிட இயலாத நிலையில், அண்ணாவின் நினைவுநாளான பிப்ரவரி 3இல் 'முரசொலி', அண்ணா நினைவிடத்திற்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியலை வெளியிட்டது. இரண்டும் குறிப்பு மொழியாலேயே பொருள் உணர்த்தின. சொல்லப்பட்டதில் குற்றமில்லை, உணர்த்தப்பட்டதைத் தணிக்கையால் நீக்க இயலவில்லை.

நீதிமன்ற வழி முற்றும் அடைபடவில்லை. மினு மசானியின் 'பிரீடம் பஸ்ட்' இதழ்மீது பிறந்த தணிக்கை ஆணையைப் பற்றிய வழக்கில், அரசின் கருத்தோடு மாறுபடுதல் குற்றமாகாது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1976 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஏப்பிரல் 28இல், தடுப்புக்காவலில் உள்ளோர் விடுதலை கோரி நீதிமன்றத்தை அணுக இயலாது என உச்ச நீதிமன்றம் நால்வர் பெரும்பான்மையில் முடிவு செய்தது. எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நன்னூல் கூறும் மறுத்தலுக்கு இது தக்க சான்று. பெரும்பான்மைத் தீர்ப்பு தவறென உச்ச நீதிமன்றமே 2017இல் அதனை நீக்கியது. இடைப்பட்ட காலம் 41 ஆண்டுகள். ஆட்சி மாற்றமோ 1977 மார்ச்சில், வாக்குப்பெட்டி வழியாகவே, நிகழ்ந்தது.

6. திறந்திருத்தலின் அளவு

வழி திறந்துள்ளதா, அடைபட்டதா என்பது ஆம், இல்லை என்னும் இரண்டனுள் எப்போதும் அடங்குவதில்லை. விக்ரோலிக்குத் தெற்கே அடுத்துள்ள காட்கோபரில், அம்பேத்கரின் துணைவியார் பெயரால் அமைந்த இரமாபாய் அம்பேத்கர் நகரில், 1997 சூலை 11ஆம் நாள் காலை அம்பேத்கர் சிலை செருப்பு மாலையால் இழிவுபடுத்தப்பட்டிருந்தது. திரண்ட மக்கள்மீது காவற்படையினர் சுட்டதில் 10 பேர் உயிரிழந்தனர். ஆணையம் விசாரித்தது. தொடர்புடைய காவல் அதிகாரி குற்றவாளி என அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2009இல். தேர்தல் நடந்துவந்தது; நீதிமன்றமும் இயங்கியது. ஆயினும் அக்குடியிருப்பினர்க்கு அவ்வழி முதற்கட்டத் தீர்ப்பைத் தர 12 ஆண்டுகள் ஆயின. திறந்த வழி ஒருவர்க்கு அகன்றும் மற்றொருவர்க்குக் குறுகியும் இருக்கக்கூடும் என்பதை அம்பேத்கரின் தொடரைப் பெயர்ப்போரும் எடுத்தாள்வோரும் கருதுதல் வேண்டும். அவர் பொருளியல், சமூக நோக்கங்களை அடையும் வழி என்று அடைகொடுத்துக் கூறியமையும் இக்காரணம் பற்றியே நோக்குதற்குரியது. ஏட்டில் உள்ள வழி, நோக்கத்தை அடைவிக்கும் வழியாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவ்வடையால் பெறப்படும்.

7. முடிவுரை

கொடுங்கோன்மை எதிர்ப்பு வரலாறு இற்றைநாள் மறுப்புக்குப் படிப்பினை தருகிறது. ஆனால் அப்படிப்பினை ஏவல் வினைமுற்றாக அமைவதில்லை. நிபந்தனை எச்சத்தோடு கூடிய தொடராக அமைகிறது. கண்ணகி வழக்கில் அரசனின் நேர்மையும், 1919இல் மக்களின் பயிற்சியும், 1949 உரையில் வழிகளின் நிலையும் அவ்வெச்சங்கள். முற்று மட்டும் ஒரு காலத்திலிருந்து மற்றொரு காலத்திற்கு எடுத்துச் செல்லப்படும்போது, எழுச்சிக்கும் அடக்குமுறைக்கும் அது ஒருங்கே பயன்படுகிறது.

தமிழ் இலக்கணத்தில் எச்சம் முற்றை அவாவி நிற்பது. எச்சம் இல்லாத முற்று குறையுடையதாகத் தோன்றுவதில்லை. ஆகவேதான் அதன் இழப்பு படிப்போரால் எளிதில் உணரப்படுவதில்லை. அதனை உணர்த்துவது மூலத்தை அறிந்த மொழிபெயர்ப்பாளர் கடமை. அரசியல் உரைகளைப் பெயர்ப்போர் முழக்கமாக நிலைத்துவிட்ட பகுதியைப் பெயர்க்குமுன், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் 'போது', 'இடத்து', 'ஆல்' ஆகியவற்றைத் தேடிச் சேர்த்தல் வேண்டும். 1910இல் ஓர் அரசு சாக்ரடீசின் குசராத்தி வடிவத்திற்கு அஞ்சியது, மொழிபெயர்ப்பின் ஆற்றலுக்குச் சான்று. அவ்வாற்றல் மூலத்தின் நிபந்தனைகளையும் தாங்கி வரும்போதுதான் வரலாறு படிப்பினையாகும்.