லக்கலவில் கேட்ட ஒரு கேள்வி: போர்முலா 4 ஓட எவ்வளவு முடியும்?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக மலையேறி இறங்கினால் லக்கல வரும். களு கங்கை நீர்த்தேக்கம் பழைய நகரத்தை விழுங்கியபோது, அதற்குப் பதிலாகத் திறக்கப்பட்ட புதிய நகரம் இது. இடம்மாறியவர்களின் காணிப் பிரச்சினை பற்றி எழுதப் போயிருந்தேன். ரிவர்ஸ்டன் இறக்கத்திலேயே என் ஸ்கூட்டர் டயர் காற்றுப் போய்விட்டது.

ஒட்டுப்போட்ட பையனுக்கு 17 வயது. தாத்தா ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். 1977 வன்செயலோடு வவுனியாவுக்கு ஓடிய குடும்பம், 2009இல் மெனிக் பாம் முகாம் வரை போய், கடைசியில் மாத்தளைக்கே திரும்பியிருக்கிறது. வேலை முடிந்ததும் போனில் சென்னை இரவுப் பந்தயத்தின் காணொளி ஒன்றைக் காட்டி, “அக்கா, இதுல ஓடுறதுக்கு எவ்வளவு முடியும்?” என்றான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் காட்டியது 2024ஆம் ஆண்டின் இந்திய போர்முலா 4 பருவத்தில் ஒரு சுற்று. போர்முலா 4 என்பது ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயத்தின் முதற்படி. சிறுவயதில் கார்ட்டிங் ஓடிப் பழகியவர்கள் 15 வயதில் இதற்குள் வரலாம். அடுத்து போர்முலா ரீஜனல், போர்முலா 3, போர்முலா 2. உச்சியில் போர்முலா 1. சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் வகுத்த இந்த வகையின் முதல் தொடர் 2014இல் இத்தாலியில் நடந்தது. இந்தியாவில் முதற்பருவம் 2023இல்தான். பிரான்ஸின் மைகேல் நிறுவனம் கட்டிய கார். 1.3 லீட்டர் டர்போ இயந்திரம். சாரதியின் தலையைக் காக்கும் ‘ஹேலோ’ வளையமும் உண்டு.

2024 பருவம் ஓகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. ஐந்து சுற்றுகளும் தமிழ்நாட்டிலேயே நடந்தன. சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீற்றர் வீதிப்பாதை, கோயம்புத்தூரின் கரி ஸ்பீட்வே ஆகியவை களங்கள்.

வீதிச் சுற்றுக்குப் பெரிய முன்கதை உண்டு. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. சென்னையின் பல பகுதிகள் நீரில் கிடந்த நேரம் அது. அரசு பணம் இதற்கா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. 2024 ஓகஸ்ட் 31 அன்று பாதைக்கான சான்றிதழ் நேரத்துக்கு வரவில்லை. நீதிமன்றம் கெடுவை நீடித்தது, பந்தயங்கள் மறுநாளைக்குப் போயின. ஒரு தெருநாய் பாதைக்குள் புகுந்ததில் மேலும் தாமதம். அண்ணா சாலையும் நேப்பியர் பாலமும் மின்வெளிச்சத்தில் மின்ன, 19 திருப்பங்களில் கார்கள் சீறின. பையன் பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

அந்த இரவில் வென்றவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியாவின் ஹியூ பார்ட்டர். ஐரோப்பாவில் போர்முலா 3 ஓடிவிட்டு வந்தவர் அவர். பருவ இறுதியில் பட்டம் வென்றவர் ஹைதராபாத் பிளாக்பேர்ட்ஸ் அணிக்காக ஓடிய தென்னாபிரிக்கர் அகீல் அலிபாய். முந்தைய ஆண்டுப் பட்டமும் ஓர் அவுஸ்திரேலியருக்கே போனது, கூப்பர் வெப்ஸ்டருக்கு. களம் தமிழ்நாட்டில், கிண்ணம் வெளியே. இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. வேகமானவர்களோடு மோதாமல் உள்ளூர்ப் பிள்ளைகள் வேகம் பழக முடியாது.

இனிக் காசுக் கதை. ஐரோப்பாவில் நல்ல அணியொன்றுடன் ஒரு போர்முலா 4 பருவம் ஓடச் சில இலட்சம் யூரோ வேண்டும். ஒரு இலட்சம் யூரோவே எங்கள் காசில் மூன்று கோடி ரூபாயைத் தாண்டும். இந்தியாவில் ஓடுவது அதைவிட மலிவுதான். ஆனால் அங்கு வந்து சேருவதற்கு முன்னான கார்ட்டிங் வருடங்களின் செலவு யாருடைய கணக்கிலும் வருவதில்லை. டயர், எரிபொருள், பயணம், நொறுங்கும் பாகங்கள் எல்லாம் குடும்பத்தின் தலையில்.

பட்டம் வென்றாலும் அது முதற்படி மட்டுமே. போர்முலா 1 ஓட்டத் தேவையான சுப்பர் அனுமதிப்பத்திரத்துக்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு போர்முலா 4 பட்டத்துக்குக் கிடைப்பது 12. மூன்று தடவை வென்றாலும் 36தான்.

தமிழர்கள் எட்டாத இடமும் அல்ல. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 1996இல் போர்முலா ஆசியா பட்டத்தை வென்று, 2005இல் ஜோர்டான் அணியில் போர்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் ஓடினார். 2012க்குப் பின் எந்த இந்தியரும் அந்தக் களத்தில் இல்லை. அவர்களுக்கு முன்பே ஒரு நிலம் பண்பட்டிருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் 1950களிலிருந்து பந்தயம் நடந்தது. (விமான ஓடுபாதை என்றதும் எங்களுக்கு நினைவு வருவது வேறு.) கோவை ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், மாருதி இயந்திரம் பொருத்திய மலிவான ஒற்றை இருக்கைக் கார்களை உருவாக்கி இளைஞர்களை ஏற்றினார். 1995இல் விமான விபத்தில் இறந்த அவருடைய பெயரைத்தான் கரி ஸ்பீட்வே தாங்கியிருக்கிறது. பணக்கார வீட்டு விளையாட்டு என்பது உண்மைதான். அந்தப் பணக்காரர்களில் ஒருவர் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தார் என்பதும் உண்மை.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2023 ஓகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். இங்கே 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள்.

இலங்கையில் 1934இலிருந்து நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் தலைமுறைகளாக வேலியோரம் நின்று பார்த்த போட்டி அது. ஆனால் இங்கே போர்முலா 4 தொடர் இல்லை. யெவான் டேவிட் என்ற இலங்கை இளைஞர் 2025இல் யூரோபோர்முலா ஓப்பன் தொடரில் ஓடினார். அவரும் ஐரோப்பாவுக்குப் போய்த்தான் ஓட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பையனுக்குக் குரல்பதிவாக அனுப்பினேன். சாரதியாவதற்கு வயதும் காசும் அவனுக்கு எதிராக நிற்கின்றன என்பதை மழுப்பாமல் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். காருக்குள் ஒருவர்தான் உட்காருகிறார். ஆனால் டயர் மாற்ற, சில்லுகளின் கோணம் சரிபார்க்க, உடைந்த முன்சிறகைக் கழற்றிப் பூட்ட, கணினியில் வேகத்தைப் படிக்க ஒவ்வொரு அணிக்கும் ஆட்கள் வேண்டும். ஒருவர் சாதாரண தரத்துக்குப் பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் இயந்திரவியல் படித்து, கையில் சான்றிதழோடு போனால் பேசவாவது இடமிருக்கும். அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் எழுதியிருந்தான்: “அக்கா, ஓ/எல் வெளியில இருந்து எழுதலாமா? ஃபோர்ம் எங்க எடுக்கிறது?”