கடைமடைக்கு அப்பால்

சேரமான் பெருமாளுடன் திருமறைக்காட்டை வழிபட்ட சுந்தரர், அடுத்து வந்தது கோடிக்கரைக்கு. கடற்காற்று மோதும் கரையில், கூகை குழறும் காட்டில், அக்கம்பக்கம் ஒரு குடியும் இல்லாமல் குழகர் தனித்திருப்பதைக் கண்டு அவருக்கு மனம் தாளவில்லை. அந்த ஆற்றாமையில் பிறந்த பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. அன்று அவர் இரங்கிய தனிமையின் மிச்சம்தான் இன்றைய கோடியக்கரைச் சரணாலயம் என்று எனக்குத் தோன்றும்.

வரப்பில்கூடத் துவரை ஊன்றுகிற நாடு நம்முடையது. உழாமல் விட்ட நிலம் இங்கே அரிது. கோடியக்கரை மட்டும் ஏர் படாமல் தப்பியதற்கு அதன் மண்ணே காரணம். தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கரை சட்டென்று மேற்கே திரும்பும் அந்த மூலையில் கடல் ஒதுக்கிய மணல் அது. நம் வயல்களின் வண்டல் அங்கே இல்லை. அப்பகுதியின் உச்சி என்று சொல்லப்படும் இராமர் பாதமே சில மீட்டர் மேடுதான். ஆனாலும் அதன்மேல் ஏறி நின்றால் காடு, சதுப்பு என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கண்ணில் விழும்.

காட்டுக்குள் நடந்துதான் பார்க்க வேண்டும். கோடையிலும் பச்சை மாறாத, உயரம் குறைந்த, நெருக்கமான காடு. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள் தாவரவியலார். கிழக்குக் கரையில் இந்த வகைக் காடு துண்டுதுண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது. இங்கே தலையாய மரம் பாலை. அதன் மஞ்சள் நிறப் பழத்தின் பிசுபிசுத்த இனிப்பு வேதாரண்யத்துக்காரர்களுக்குக் கோடையின் ருசி. மரங்கள் விலகிப் புல்வெளி விரிந்தால் வெளிமான்கள். முறுக்குக் கொம்பும் கருமேனியுமாக நிற்கும் கலைமானுக்கு நாலாபுறமும் பார்வை எட்டும் திறந்த வெளி வேண்டும். அந்த வெளியைத்தான் சீமைக்கருவேலம் தின்று வருகிறது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் சாய்த்த மரங்களுக்காக நாம் வருந்தினோம். புல் அழிவது சத்தமின்றி நடப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை.

வெளிமானுக்காகவும் பறவைகளுக்காகவும் 1967-இல் இது சரணாலயமானது. பறவையியலாளர் சாலிம் அலியின் ஈடுபாடு இதற்குப் பெருந்துணை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகள் இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழித்தடத்தைத் தேடினார்கள். 2002-இல் வேதாரண்யம் சதுப்பு, தலைஞாயிறு காடு, முத்துப்பேட்டை அலையாத்தி ஆகியவையும் சேர்ந்து 38,500 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாயிற்று. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் இதுதான். மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் ஏரி அந்தப் பட்டியலில் சேர 2022 ஆயிற்று.

இம்மலரைப் படிக்கும் மிராசுதார்களிடமும் விவசாயிகளிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம். காவிரி நீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷத்தின் வேதனை எனக்கும் தெரியும். அந்தக் குறை நியாயமானது. ஆனால் கடைமடைக்கு அப்பாலும் ஒரு மடை உண்டு. வயலும் வடிகாலும் கடந்து வரும் நன்னீர்தான் மழையோடு சேர்ந்து வேதாரண்யம் சதுப்பின் உப்பைத் தணிக்கிறது. உப்பு மிஞ்சினால் சேற்றில் புழுவும் சிற்றிறாலும் குறையும். அவை குறைந்தால் உள்ளான்களுக்கு இரை ஏது? நாம் வயலில் தெளிக்கும் மருந்தும் அதே வடிகாலில்தான் இறங்குகிறது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கொசு உள்ளான் என்றொரு பறவை. எடை முப்பது கிராமைத் தொடுவதே அரிது. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தரையில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. ஐப்பசி அடைமழையில் பயிர் மூழ்காமலிருக்க நாம் வடிமடையை வெட்டி நீரை வடியவிடும் நாட்களில், சதுப்பின் சேற்றில் அவை கூட்டமாக இறங்கிக் கொத்திக்கொண்டிருக்கும்.