எண்ணெய் கசியும் வளையம்

ஏலகிரி போய் வந்த மறுநாள் காலை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன் ஃபோர்க்கின் இடது காலில், பளபளக்கும் குரோம் குழாயைச் சுற்றி மெல்லியதாக ஒரு எண்ணெய் வளையம். துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை நாலு தடவை அமுக்கினேன். வளையம் திரும்ப வந்தது. கீழே பிரேக் டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"சீல் போயிடுச்சு தம்பி" என்றார் தெருமுனை மெக்கானிக் அண்ணன். "ஓட்டலாம். ஆனா அந்த ஆயில் டிஸ்க்ல எறங்குச்சுன்னா பிரேக் புடிக்காது. அப்புறம் உங்க இஷ்டம்."

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, பத்து வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. நானே கழற்றி மாட்டுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, புதுப்பேட்டையில் ஒரு ஜோடி சீல் வாங்கி வந்தேன். உறையில் என்.பி.ஆர். என்று அச்சடித்திருந்தது. நைட்ரைல் ரப்பர். கல்லூரியில் அதற்குப் பூனா-என் என்று இன்னொரு பெயர் படித்த ஞாபகம். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனேன். இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

முதலில் ஃபோர்க். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்குகிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஸ்பிரிங்குக்கு நிறுத்தத் தெரியாது, ஆடிக்கொண்டே இருக்கும். எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போவதால்தான் அந்த ஆட்டம் அடங்குகிறது. இரண்டு குழாய்களும் சேரும் வாயில் எண்ணெய் வெளியே வராமல் பிடித்துவைப்பது, விரலில் மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தச் சீல்.

முந்தைய தலைமுறை வண்டிகளில் இந்தப் பிரச்சினை கிடையாது. கர்டர் ஃபோர்க்கில் எண்ணெயே இல்லை. இரும்புச் சட்டம், ஒரு ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்க உராயும் தட்டுகள். கையால் ஒரு குமிழைத் திருகித் தட்டுகளை இறுக்கிக்கொள்ள வேண்டும். குழாய்க்குள் குழாய் என்ற யோசனை புதியதல்ல. 1908இலேயே இங்கிலாந்தின் ஸ்காட் வண்டியில் அந்த மாதிரி ஃபோர்க் வந்துவிட்டது. டென்மார்க்கின் நிம்பஸ் 1934இல் அதைக் கொண்டுவந்தது. 1935இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில் குழாய்க்குள் எண்ணெயை வைத்து ஆட்டத்தை அடக்கியது. இன்று நாம் ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முன்கால் அதன் வாரிசுதான். ஆர்12 சுமார் 36,000 செய்யப்பட்டது. அதில் பெரும்பங்கு ஜெர்மன் ராணுவத்துக்குப் போனது.

1908லேயே யோசனை இருந்தும் ஏன் இத்தனை வருஷம்? பல காரணங்கள் இருக்கும். கையில் கறையோடு உட்கார்ந்திருக்கும் என் யூகம்: எண்ணெயை உள்ளே விடுவது சுலபம், உள்ளேயே வைத்திருப்பதுதான் கஷ்டம்.

சென்னையிலிருந்து ஏலகிரிக்குப் போகும் வழியில் ஆம்பூர், வாணியம்பாடி வரும். தோல் பதனிடும் ஊர்களின் வாசனை ஹெல்மெட்டுக்குள்ளும் நுழையும். ஜெர்மனியின் வைன்ஹைமும் அப்படி ஒரு தோல் ஊர். அங்கே 1849இல் ஆரம்பித்த ஃபிராய்டன்பெர்க் தோல் நிறுவனம், 1929இன் பொருளாதாரச் சரிவில் தோல் வியாபாரம் படுத்தபோது, இயந்திரங்களுக்குத் தோலில் சீல் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவிலும் இதே கதைதான். இயந்திரங்களுக்குத் தோல் பெல்ட் செய்துகொண்டிருந்த சிகாகோ ராஹைட் நிறுவனமும் அதே காலத்தில் ஆயில் சீல் பக்கம் வந்தது. எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வேலை முதலில் மாட்டின் தோலுக்குத்தான் போனது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் சரிதான்: வளையும், எண்ணெய் குடிக்கும், இரும்பைக் கீறாது.

வைன்ஹைமில் வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் அந்தத் தோலை ஒரு உலோகக் கூட்டுக்குள் அமைத்து, சின்ன ஸ்பிரிங் வளையத்தால் தண்டோடு அழுத்தி நிற்க வைத்தார். 1930களின் தொடக்கத்தில் அது 'சிம்மர்ரிங்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. நாம் எல்லா நகலையும் ஜெராக்ஸ் என்பது போல, ஜெர்மன் மெக்கானிக்குகள் இன்றும் எந்த ஆயில் சீலையும் சிம்மர்ரிங் என்கிறார்கள். சிம்மருடையது சுழலும் தண்டுக்கு, ஃபோர்க் சீல் ஏறி இறங்கும் குழாய்க்கு. ஆனாலும் உலோகக் கூடு, உதடு, ஸ்பிரிங் என்று இரண்டும் ஒரே குடும்பம்.

தோல் சூட்டில் விறைத்துப் போகும். இயற்கை ரப்பரோ எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். 1936இல் ஃபிராய்டன்பெர்க் செயற்கை ரப்பருக்கு மாறியது. ஐ.ஜி. ஃபார்பன் என்ற ராட்சத ரசாயனக் கூட்டு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அது: பூட்டடையினோடு அக்ரிலோநைட்ரைல் சேர்ந்த ரப்பர். எண்ணெயில் ஊதாது. பூனா குடும்பத்தில் டயருக்குப் பூனா-எஸ், எண்ணெய்க்குப் பூனா-என். அந்த 'என்'தான் என் கையில் இருந்தது.

இந்த இடத்தில் கதை இருட்டாகிறது. போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாஜி அரசுக்கு, கப்பலில் வரும் ரப்பரை நம்பியிருக்க விருப்பமில்லை. பூனாவுக்கு அரசுப் பணம் கொட்டியது. 1941இல் ஐ.ஜி. ஃபார்பன் தன் அடுத்த பெரிய பூனா ஆலைக்கு இடம் தேர்ந்தது: ஆஷ்விட்ஸ். இடத்தைத் தேர்ந்ததில் முன்னின்றவர் அந்த நிறுவனத்தின் பூனா நிபுணர் ஓட்டோ ஆம்ப்ரோஸ். 1942 அக்டோபரில் ஆலையை ஒட்டி மோனோவிட்ஸ் முகாம் திறக்கப்பட்டது. கைதிகளும் காவலர்களும் அதைப் 'பூனா' என்றே அழைத்தார்கள். ஒரு ரப்பரின் பெயர் ஒரு முகாமின் பெயரானது. அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை வாங்கப்பட்டே செத்தார்கள், உழைக்கத் தெம்பில்லாதவர்கள் பிர்கனாவின் விஷவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1944இல் அங்கே கொண்டுவரப்பட்ட இத்தாலியர் பிரிமோ லெவி. வேதியியல் படித்தவர். முகாமுக்குள்ளேயே அவருக்கு ஒரு வேதியியல் தேர்வு வைத்தார்கள். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் ஆலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்ததும் அவர் பிழைத்ததற்கு ஒரு காரணம். படித்த படிப்பு அப்படியும் உதவும் என்பதை வாசிக்கையில், சீலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போர் முடியும்வரை அந்த ஆலை ரப்பரே தயாரிக்கவில்லை.

தோல் கதையும் அப்படியே முடியவில்லை. 1940 முதல் சாக்சன்ஹவுசன் முகாமில் காலணிப் பொருள்களைச் சோதிக்க ஒரு பாதை இருந்தது. பலவிதத் தரை பதித்த அந்தப் பாதையில் கைதிகளை நாள் முழுக்க நடக்கவிட்டார்கள். சோதித்தவற்றில் ஃபிராய்டன்பெர்க்கின் பொருள்களும் இருந்தன. பின்னாளில் அந்த நிறுவனமே ஒரு வரலாற்றாய்வாளரை வைத்துத் தன் பழைய கணக்கை ஆராயச் செய்தது. அந்த நூல் 2016இல் வந்தது. ஆம்ப்ரோஸுக்கு நியூரம்பெர்கில் எட்டு வருஷத் தண்டனை. முழுசாக அனுபவிக்காமலே வெளியே வந்துவிட்டார்.

ஃபோர்க் அதன்பாட்டுக்கு உலகம் சுற்றியது. 1941இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் மேட்ச்லெஸ் ஜி3எல் வண்டிக்கு 'டெலிட்ராலிக்' ஃபோர்க் வந்தது. இரு பக்கத்துச் சிப்பாய்களும் எண்ணெய் அடைத்த முன்கால்களோடு சண்டை போட்டார்கள். 1949இல் ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய வண்டிக்கு ஃபோர்க்கை வைத்தே 'ஹைட்ரா-கிளைட்' என்று பெயர் சூட்டியது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் கேட்ட 800 புல்லட்டுகள்தான் அதற்கு முகாந்திரம். திருவொற்றியூரில் கோக்கப்பட்ட அந்த வண்டிகளின் முன்காலிலும் எண்ணெய், வாயில் சீல்.

சரி, என் வண்டி. எடுத்தவுடனே கழற்ற வேண்டியதில்லை. தூசி மூடியை மெதுவாக நெம்பி இறக்கிவிட்டு, பழைய ஃபிலிம் நெகட்டிவ் துண்டு ஒன்றைச் சீலின் உதட்டுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டுச் சுற்றி வரலாம். உள்ளே மாட்டிய மண் வந்துவிட்டால் கசிவு நின்றாலும் நிற்கும். எனக்கு நிற்கவில்லை.

முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரம், கேலிப்பர், மட்கார்டு எல்லாம் கழற்றினேன். ஃபோர்க் இன்னும் வண்டியோடு பிடித்திருக்கும்போதே மேல்மூடியை லேசாகத் தளர்த்திவிட வேண்டும். நான் மறந்தேன். அப்புறம் தனியாக நிற்கும் வழுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கறுத்த எண்ணெயை ஊற்றிவிட்டு, அடி போல்ட்டையும் சர்க்ளிப்பையும் எடுத்து, இரண்டு குழாய்களையும் எதிரெதிராக வெடுக் வெடுக்கென்று இழுத்ததும் பழைய சீல் வெளியே வந்தது. உதடு கல்லாகியிருந்தது. குரோம் குழாயில் ஊசிமுனை அளவு ஒரு துருப்புள்ளி, நகத்தில் தட்டுப்பட்டது. அதை மழுக்காமல் புதுச் சீல் போட்டால் அதுவும் கிழியும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, நகம் வழுக்கும்வரை விடவில்லை.

குழாயின் முனையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, சீலுக்கு எண்ணெய் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்ளே பார்க்க இறக்கினேன். பிவிசி பைப் துண்டை வைத்துத் தட்டிச் சமமாக உட்கார வைத்தேன். இரண்டு காலுக்கும் அளந்து ஒரே அளவு எண்ணெய். வலது கால் கசியவில்லைதான். ஆனாலும் அண்ணன் விடவில்லை: "ஒன்ன மாத்துனா ரெண்டையும் மாத்துங்க. இல்லன்னா அடுத்த மாசம் அதுக்காக வருவீங்க."

நல்ல சீல் எண்ணெயை முழுசாக அடைத்துவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைக் குழாய் மேல் விட்டுவைக்கும். அது இல்லாவிட்டால் உதடு காய்ந்து தேய்ந்துபோகும். இருபது தடவை அமுக்கிவிட்டு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் கறை இல்லை. விரலால் தடவினால் மட்டும் லேசாகப் பிசுபிசுத்தது.