மரபணு

வழிவழியாக வரும் முறைமையைச் சுட்டும் ‘மரபு’ என்னும் சொல்லும், மிக நுண்ணியதைக் குறிக்கும் வடசொல்லாகிய ‘அணு’வும் சேர, குற்றியலுகரம் கெட்டு ‘மரபணு’ எனப் புணர்கின்றன. தொல்காப்பியத்தின் இறுதி இயலான மரபியல் விலங்குகளின் ஆண், பெண், இளமைப் பெயர்களைத் தொகுப்பதை நினைத்தால், உயிரினத்தோடு ‘மரபு’ என்னும் சொல்லுக்குள்ள உறவு நெடியது என்பது புலப்படும். டென்மார்க் அறிஞர் யோகான்சன் 1909இல் ‘ஜீன்’ எனப் பெயரிட்ட பரம்பரை அலகுக்கே தமிழில் இப்பெயர் வழங்குகிறது; ஆயினும் இது வேதியியல் கூறும் அணுவன்று, எண்ணற்ற அணுக்களாலான டி.என்.ஏ. இழையின் ஒரு பகுதியாகும்.

மரபணுக்கள் பண்புகளைத் தலைமுறைக்குக் கடத்துவதற்குச் சித்தூர்ப் பகுதியின் புங்கனூர்க் குட்டை மாடு அருமையான சான்று. மாட்டின் உயிரணுவிலுள்ள 60 குரோமோசோம்களில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவதால், ஒவ்வொரு பண்புக்கும் கன்று இருவரின் மரபணுக்களையும் பெறுகிறது. மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் நெட்டை ஓங்கு பண்பாகவும், இணையாக வந்தாலன்றி வெளிப்படாத குட்டை ஒடுங்கு பண்பாகவும் அமைந்தன. மாட்டின் உயரமோ பொதுவாகப் பல மரபணுக்களும் தீவனமும் கூடி முடிவாவது. ஆகவே வேற்றினக் காளையோடு கலந்தால் இக்குட்டைத் தன்மை தலைமுறைதோறும் நீர்த்துவிடும். பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைத் தூய்மையாகப் பேணுவதன் காரணம் இதுவே. இழந்த மரபணுத் தொகுப்பை மீண்டும் உண்டாக்குதல் மிக அரிது.