ஆட்கொணர்வு மனுவைக் கைதி திரும்பப் பெறுதல்: ஒரு சட்ட வரலாறு

முன்னுரை

தம்மம்பட்டிக்காரர் ஒருவர் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டால், ஆணை பிறப்பிப்பவர் சேலம் மாவட்ட ஆட்சியர். அதை எதிர்க்கும் ஆட்கொணர்வு மனுவோ வழக்கமாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். பெரும்பாலும் தாயோ மனைவியோதான் மனுதாரர். குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம் விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க இடம் தருகிறது. சில மனுக்கள் தீர்ப்பு வரை போவதில்லை. வாபஸ் பெறுவதாக வழக்கறிஞர் வழக்குக் கட்டிலேயே எழுதிக் கையொப்பமிடுகிறார். 'திரும்பப் பெறப்பட்டதால் தள்ளுபடி' என ஒரே வரியில் ஆணை பிறக்கிறது. அந்த வரியோடு கைதியின் உரிமையும் முடிந்துவிடுமா?

சேலம், 1950

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினாறு நாள் கழித்து, 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறைத் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் மாண்டனர். அடுத்த சில வாரங்களில், சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். 1950 மே 19 அன்று மனு தோற்றது. ஆயினும், காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம் சொல்வதையே குற்றமாக்கிய, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது. அடைபட்டவன் தன் வழக்கைப் பேச வழி பிறந்தது அங்கேதான்.

தோற்றவரும் திரும்பப் பெற்றவரும்

ஒருமுறை தீர்ந்த வழக்கை மீண்டும் கிளப்பக் கூடாது என்ற முன்தீர்ப்புத் தடை, ரிட் மனுக்களுக்கும் உண்டு என்று 1961இல் தர்யாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அதே தீர்ப்பு ஒரு விலக்கும் தந்தது: திரும்பப் பெற்ற மனுவில் வழக்கின் தகுதி ஆராயப்படவே இல்லை, எனவே பின்னர் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு வரும் மனுவுக்கு அது தடையாகாது.

1966 டிசம்பரில் குலாம் சர்வர் வழக்கு இன்னும் ஒரு படி ஏறியது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தள்ளுபடியானவரும் உச்ச நீதிமன்றத்தில் புதிதாக மனுச் செய்யலாம் என்றானது. முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சுப்பா ராவ் அப்போது தலைமை நீதிபதி. 1980இல் லல்லுபாய் வழக்கு, புதிய காரணங்களோடு வரும் இரண்டாம் மனுவையும் ஏற்றது.

எதிர்த் திசையில் வந்தது, பேருந்து உரிமம் குறித்த 1986ஆம் ஆண்டின் சர்குஜா போக்குவரத்து வழக்கு. ஒரு நீதிபதியிடம் காற்று எதிராக வீசுவதைக் கண்டதும் மனுவை வாபஸ் வாங்கி, வேறொருவரிடம் தாக்கல் செய்யும் பழக்கத்தை அது நிறுத்த முனைந்தது. மறுமனுவுக்கு அனுமதி பெறாமல் திரும்பப் பெற்றவர், அதே கோரிக்கையோடு மீண்டும் உயர் நீதிமன்றம் வர முடியாது என்றது. ஆனால் ஆட்கொணர்வு மனுவுக்கு இந்த விதியை நீட்டவில்லை. தனிமனித விடுதலை முற்றிலும் வேறு தளத்தில் நிற்பது என்று கூறி, அக்கேள்வியை முடிவு செய்யாமல் விட்டது.

முடிவுரை

பேருந்து உரிமத்துக்கான மனுவும் உடலின் விடுதலைக்கான மனுவும் ஒன்றல்ல என்பதே இவ்வரலாற்றின் சாரம். திரும்பப் பெறுதல் கைதியின் தோல்வியல்ல. உரிமைத் துறப்பும் அல்ல. ஆனால் தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டு ஊர் திரும்பும் தாய்க்கு இதை யாரும் சொல்வதில்லை. ஆகவே, மனு திரும்பப் பெறப்படும்போது அது கைதியின் சொந்த விருப்பம்தானா என்று நீதிமன்றம் கேட்டு ஆணையில் பதிய வேண்டும். மீண்டும் வரலாம் என்பதையும் அதே ஆணையில் தமிழில் எழுதித் தர வேண்டும்.